எந்தப் பிள்ளைக்கு எது ஆபத்து? – வாசகர் கேள்வி பதில்

வளரிளம் பருவமும் போதையும் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். சேலம் நகரிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றை, எழுதியவர் யாரென்று தெரியாதபடி சுருக்கி வெளியிடுகிறோம். மனநல மருத்துவரும் பள்ளி உளவியல் ஆலோசகரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

பெரியவனுக்கு 16 வயது, சின்னவனுக்கு 13. பெரியவன் கால் வீட்டில் தங்காது. அவன் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு ஏற்காடு மலைப்பாதையில் கூட்டாளிகளோடு பந்தயம் விடுவதாகக் கேள்விப்பட்டேன். போன மாதம் வாயில் பீர் வாசம். என் கொழுந்தனார் குடியால் போய்ச் சேர்ந்தவர். அந்த ரத்தம் இவனுக்கும் வந்துவிட்டதா? சின்னவன் சாது, அவனைப் பற்றிக் கவலையே இல்லை.
– ஒரு தாய், அம்மாபேட்டை

ரத்தத்தில் வருவது எவ்வளவு என்று கேட்டால், குடிநோயில் மரபின் பங்கு ஏறக்குறையப் பாதி. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன. மீதிப் பாதியில் வீடு, கூட்டாளிகள், சரக்கு எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது, எந்த வயதில் முதல் மடக்கு என்பதெல்லாம் அடங்கும். இந்தக் கடைசி விஷயத்தில் பெற்றோரால் நிறையச் செய்ய முடியும். 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் குடிநோய் வருவது, 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் ஒவ்வொரு வருடம் தள்ளிப்போவதும் லாபம். ஒரு தடவை பீர் வாசம் வந்ததை வைத்து ‘எல்லாம் முடிந்தது’ என்று நினைக்க வேண்டாம். ‘வயசு அப்படி’ என்று விட்டுவிடவும் வேண்டாம்.

மரபில் இறங்கி வருவதில் கணிசமான பங்கு குணம்தான். கனடாவின் மொன்றியால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் பத்ரீசியா கான்ராடும் அவருடைய சகாக்களும் இளம் வயதுப் போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் 4 குணங்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். முதலாவது விறுவிறுப்பு நாட்டம்: புதுசு, வேகம், ஆபத்து என்றால் இழுக்கும், சும்மா இருப்பது தண்டனை. அடுத்தது அவசரபுத்தி: கை முந்தும், யோசனை பின்னால் வரும். மூன்றாவது பதற்றத்தைக் கண்டே பயப்படுவது: நெஞ்சு படபடத்தால் ஏதோ ஆகப்போகிறது என்று நடுங்குவது. கடைசியாக விரக்தி: ‘நமக்கு எதுவும் நல்லபடியா நடக்காது’ என்ற முடிவு. இவற்றை அளக்க 23 வாக்கியங்கள் கொண்ட கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘கொஞ்சமும் ஒப்பவில்லை’ என்பதிலிருந்து ‘முழுக்க ஒப்புகிறேன்’ வரை 4 நிலைகளில் பதில் சொல்ல வேண்டும்.

இந்த நாலும் நோய்கள் அல்ல. எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பவை. ஒன்று தூக்கலாக இருந்தால் போதையை நாடும் காரணம் அதற்கேற்ப மாறுகிறது. உங்கள் பெரியவனைப் போன்றவர்கள் கூட்டமாக உட்கார்ந்து, ஒரே மூச்சில், நிறையக் குடிப்பார்கள். குஷிதான் நோக்கம், கவலையை மறப்பது அல்ல. ‘குடித்தால் கல்லீரல் கெடும்’ என்று அவனிடம் சொல்வது வீண். ஆபத்து என்று சொல்லச் சொல்ல அவனுக்குச் சுவாரஸ்யம் கூடும்.

அவனுக்குத் தேவை உண்மையான வேகம். டியூஷனை இரட்டிப்பாக்கி நேரத்தை அடைத்தால் அலுப்புக் கூடும், அலுப்புதான் இந்தக் குணத்துக்கு எதிரி. நீச்சல், கபடி, சிலம்பம், மலையேற்றம் என்று உடம்பு களைத்து, தோற்கும் பயமும் இருக்கும் ஒன்று வாரத்துக்கு 3 நாளாவது வேண்டும். போட்டி இல்லாத யோகா வகுப்பில் சேர்த்தால் இரண்டாம் வாரமே நின்றுவிடுவான்.

மலைப்பாதைதான் ஆசை என்றால் சைக்கிளில் ஏறட்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு மிதித்து ஏறியவனுக்கு அன்று மாலை பீர் தேடத் தெம்பு இருக்காது. வாகனம் குறைவான வார நாள் விடியற்காலையே சரி. சனி, ஞாயிறு சுற்றுலா வண்டிகள் நடுவில் வேண்டாம். ஹெல்மெட் கட்டாயம். இறங்கும்போதுதான் கவனம் தேவை: பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறிப் பிடிப்புக் குறையும், டியூபும் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கை விட்டு, நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிட்டு இறங்க வேண்டும். இப்படிச் செய்முறையாகச் சொன்னால் காது கொடுப்பான், புத்திமதிக்குக் கொடுக்க மாட்டான்.

பைக் சாவி இன்றே கைமாற வேண்டும். 18 நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நிரூபணமானால் பெற்றோருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இது 2019இல் வந்த திருத்தம். அவனுக்குக் கல்லீரலைவிட இந்த ‘25 வயது’ அதிகம் உறைக்கும்.

சின்னவனைப் பற்றி ஒரு வார்த்தை. சாதுவான பிள்ளைக்கு ஆபத்தில்லை என்பது நம் வீடுகளில் நெடுநாளாக இருக்கும் நம்பிக்கை. நாலு குணங்களில் இரண்டு, பதற்றமும் விரக்தியும், வெளியே சாதுவாகத்தான் தெரியும்.

ஏற்காட்டில் விடுதியுடன் கூடிய பள்ளியில் வார்டனாக இருக்கிறேன். 9ஆம் வகுப்பு மாணவர்களின் படுக்கைக்கு அடியில் கூல் லிப் பொட்டலங்கள் கிடைத்தன. 5 பேர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறது பள்ளி நிர்வாகம். அனுப்பினால் திருந்துவார்களா?
– ஒரு விடுதிக் காப்பாளர், ஏற்காடு

அனுப்பினால் பள்ளிக்கு நிம்மதி, மாணவனுக்கு அல்ல. விடுதியில் உங்கள் கண்ணில் இருந்தவன் ஊரில் பெட்டிக்கடைக்கு எதிரே நிற்பான். விற்றவனை, கடத்திக்கொண்டு வந்தவனைத் தனியாக விசாரியுங்கள். பயன்படுத்தியவனுக்கு இடைநீக்கம் மருந்தாகாது.

கூல் லிப் என்ன பொருள் என்பது தெரிய வேண்டும். பொடித்த புகையிலையைப் புதினா வாசனையோடு சின்னப் பையில் அடைத்தது. கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துக்கொண்டால் துப்ப வேண்டியதில்லை, புகை இல்லை, வாசனையும் மிட்டாய் மாதிரி. வகுப்பிலேயே வைத்திருக்கலாம் என்பதால்தான் இந்த வயதில் பரவுகிறது. சட்டைப்பையைவிட வாயைப் பாருங்கள். கீழ் உதட்டை மடக்கினால், பை வைக்கும் இடத்தில் ஈறு வெளுத்து, சுருக்கம் விழுந்த தோல் போல் இருக்கும், பல்லின் வேர்ப்பக்கம் தெரியும்படி ஈறு இறங்கியும் இருக்கலாம். நிறுத்திய பிறகும் 2, 3 வாரத்தில் அந்த வெள்ளைத் திட்டு மறையவில்லை என்றால் பல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

நிறுத்துவதைத் தேதி வைத்துச் செய்யுங்கள். தேர்வு வாரத்திலும், வீட்டுக்குப் போய்த் திரும்பிய மறுநாளும் வேண்டாம். நிகோடின் நின்ற 2, 3 நாளில் எரிச்சல், அமைதியின்மை, தூக்கக்கேடு, படிப்பில் கவனம் நிற்காமை எல்லாம் உச்சத்துக்குப் போகும். பிறகு 2 முதல் 4 வாரத்தில் படிப்படியாக அடங்கும். இது தெரியாத ஆசிரியர் மூன்றாம் நாள் ‘திமிர்’ என்று அடித்துவிடுவார், பையனும் நான்காம் நாள் பொட்டலத்தைத் தேடுவான். நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே சறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் அந்த 5 பேருக்கும் பாடம் எடுப்பவர்களிடம் தேதியைச் சொல்லி வையுங்கள்.

ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடம்தான் நிற்கும். அந்த நிமிடங்களுக்கு வாயில் வேறொன்று வேண்டும்: சோம்பு, கிராம்பு, நெல்லிக்காய் வற்றல், சூயிங்கம், எது ஆனாலும் சரி. நிகோடின் கலந்த சூயிங்கத்தை மட்டும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. புகையிலையை நிறுத்த உதவும் இலவச எண் 1800 112 356. விடுதித் தொலைபேசியிலிருந்து பேச அனுமதி கொடுங்கள், பக்கத்தில் நின்று கேட்காதீர்கள்.

ஐந்து பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேச வேண்டாம். தனித்தனியாக ஒரே கேள்வி: ‘வைத்தவுடன் என்ன மாறுகிறது?’ ஒருவன் ‘கிர்ருனு இருக்கும்’ என்பான். இன்னொருவன் ‘வீட்டு ஞாபகம் வராது’ என்பான். மூன்றாமவன் ‘எல்லாரும் வெச்சாங்க, நானும் வெச்சேன், யோசிக்கல’ என்பான். இரண்டாமவனுக்கு வாரம் ஒருமுறை அம்மாவோடு கூடுதலாகப் பேசும் நேரம் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். முதலாமவனுக்கு அது ஒன்றும் செய்யாது.

கடைக்காரரைச் சும்மா விட வேண்டாம். 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் குற்றம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில், குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகார் எண் 10581.

வீட்டில் தெரியாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யும் கிட் ஆன்லைனில் வாங்கலாமா?
– ஒரு தந்தை, அஸ்தம்பட்டி

வேண்டாம். எப்போதாவது கஞ்சா அடிப்பவனுக்கு 2, 3 நாள் தாண்டினால் தெரியாது. தினமும் அடித்தவன் நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் ‘உண்டு’ என்று காட்டலாம். கூல் லிப்பும் பெயின்ட் தின்னரும் பொதுவான கிட்டில் தெரியவே தெரியாது. சில சளி மருந்துகள் பொய்யாகக் காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் விடுங்கள், ஒளித்துவைத்துச் சோதித்தது தெரிந்த நாளில் பேச்சு நின்றுவிடும்.

12 முதல் 21 வயது வரையிலானவர்களுக்காக மருத்துவர்கள் கேட்கும் 6 கேள்விகள் கிட்டைவிட அதிகம் சொல்லும். போதையில் இருப்பவர் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா? மனசு இளக, கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்துவதுண்டா? தனியாக இருக்கும்போது உண்டா? அந்த நேரத்தில் செய்தது மறந்துபோனதுண்டா? வீட்டாரோ நண்பரோ ‘குறைத்துக்கொள்’ என்றதுண்டா? அதனால் வம்பில் மாட்டியதுண்டா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றாலே மருத்துவரிடம் விரிவாகப் பேச வேண்டும். இவற்றைப் பெற்றோர் கேட்டால் பொய்தான் வரும், மருத்துவர் தனியாகக் கேட்கட்டும். எங்கள் அனுபவ அறிவில் மூன்றாவது கேள்விதான் கனமானது. கூட்டத்தோடு குடிப்பவனைவிடத் தனியாகக் குடிப்பவனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும்.

கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். மகனுக்கு 14 வயது. சனிக்கிழமை பட்டறையில் கூடமாட வேலை செய்வான், கூலி கொடுப்பேன், அன்று ராத்திரிக்குள் காலி. செய்த பிறகுதான் வருத்தப்படுவான். கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு என்று டாக்டர் சொல்லி மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையே போதை என்கிறார்கள், பின்னால் அதற்கே அடிமையாகிவிடுவானோ?
– சிவதாபுரம் வாசகர்

மாத்திரையை முறையாகச் சாப்பிட்ட பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் போதைப் பழக்கம் அதிகமாவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. கோளாறைக் கவனிக்காமல் விட்டால்தான் ஆபத்து. மாத்திரை உங்கள் பூட்டில் இருக்கட்டும், காலையில் உங்கள் கையால் ஒன்று, அவ்வளவுதான். ‘கவனம் வரும்’ என்று பரீட்சை நேரத்தில் நண்பர்கள் கேட்பார்கள், கொடுக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அவசரபுத்திக்காரனுக்கு நாளைய தண்டனை உறைக்காது, இன்றைய சின்ன விளைவு உறைக்கும். ‘ஆண்டு விடுமுறைக்கு ஊட்டி கிடையாது’ என்ற மிரட்டலைவிட ‘இன்று ராத்திரி போன் கிடையாது’ மேல். விளைவு அதே நாளில், சின்னதாக, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வேலை சொல்லும்போது ஒரு நேரத்தில் ஒன்றுதான் சொல்லுங்கள்.

கூலியில்தான் கோளாறு. சனிக்கிழமை மாலை, கையில் மொத்தப் பணம், பட்டறையில் பெரியவர்கள் கடைக்குக் கிளம்பும் நேரம்: இந்த மூன்றும் சேர்ந்தால் 14 வயதுக்கு அதிகம். அவன் கூலியில் ஒரு பகுதியை அவன் பேரிலேயே அஞ்சலகச் சேமிப்பில் போட்டுவிட்டு, மீதியை இரண்டு நாளுக்கொரு முறை கொஞ்சமாகக் கொடுங்கள். போனில் பணம் அனுப்பும் வசதி வேண்டாம். வேலையும் மாலைக்கு முன்பே முடியட்டும். 14 வயது முடியாத பிள்ளை பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் ஆபத்தில்லாத வேலைக்கு மட்டுமே உதவலாம் என்பது சட்டம். அமிலமும் நெருப்பும் உள்ள மேஜைக்கு அவனை அனுப்பவே கூடாது.

‘கோபம் வந்தால் பத்து எண்ணு’ என்பார்கள். இவனுக்கு அது பலிக்காது, எண்ண வேண்டும் என்ற நினைப்பே அந்த நேரத்தில் வராது. முன்பே ஒத்திகை பார்த்த அசைவு வரும். யாராவது எதையாவது நீட்டினால் என்ன செய்வது என்று ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்: ‘நீட்டினால், தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துக்கொண்டே நடப்பேன்.’ இதை நீங்கள் நீட்ட, அவன் செய்ய, தினமும் 5 முறை வீதம் ஒரு வாரம். முதல் நாள் சிரிப்பான். சிரிக்கட்டும்.

பிளஸ் டூ படிக்கிறேன். ரிவிஷன் டெஸ்ட் என்றாலே நெஞ்சு அடிக்கும், மூச்சு முட்டும், செத்துவிடுவேனோ என்று தோன்றும். தோழி தன் பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதி கொடுத்தாள். சரியாகிவிட்டது. இப்போது வாரத்தில் 3 நாள் போடுகிறேன். வீட்டில் சொல்லப் பயம்.
– ஒரு மாணவி, சேலம்

நீ எழுதிக் கேட்டது நல்ல காரியம். இதில் உன் தப்பு குறைவு, அந்த மாத்திரையின் தந்திரம் அதிகம். பரீட்சைப் பயம் எல்லோருக்கும் உண்டு. உனக்குப் பரீட்சையைவிடப் படபடப்பின் மேல்தான் பயம். நெஞ்சு அடிப்பதைப் பார்த்து நீ பயப்படுகிறாய், பயந்ததால் இன்னும் வேகமாக அடிக்கிறது, ‘செத்துவிடுவேன்’ என்று தோன்றுகிறது. மாத்திரை அரை மணி நேரத்தில் அதை அணைத்துவிடுகிறது. ஆனால் தானாகவே அடங்கியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள விடுவதில்லை. சில வாரங்களில் பாதி போதாது, முழுசு கேட்கும். மாத்திரையின் வீரியம் இறங்கும்போது பதற்றம் முன்பைவிட ஏறும். படித்ததும் மனதில் நிற்காது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும் அபாயம் உண்டு.

இனி புதிதாக வாங்காதே. தினமும் போடும் அளவுக்குப் போயிருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாதே, வலிப்பு வரலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். வாரத்தில் 3 நாள் என்றாலும் இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லிவிடு. வீட்டில் சொல்வதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலிமானஸ் எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு ஒரு பயிற்சி இருக்கிறது. படபடப்பை நாமே வரவழைப்பது. நின்ற இடத்தில் 1 நிமிடம் வேகமாக ஓடு. உட்கார். தண்ணீர் குடிக்காதே, மூச்சை அடக்காதே, போனைத் தொடாதே. ஒரு நோட்டில் 2 எண் எழுது: உடம்பில் எவ்வளவு (0 முதல் 10), பயம் எவ்வளவு (0 முதல் 10). அப்படியே இருந்து, எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பார். ஒரு நாளைக்கு 3 தடவை. சில நாளில் ஒரு வேடிக்கை தெரியும்: முதல் எண் அப்படியே இருக்கும், இரண்டாவது எண் பாதியாகும். அதுதான் வேண்டியது, நெஞ்சு அடிப்பது நிற்க வேண்டியதில்லை. பலர் தப்பு செய்வது எங்கே என்றால், பயம் வந்தவுடன் பாதியில் எழுந்துவிடுவார்கள். அப்படி எழுந்தால் ‘ஓடினதால்தான் தப்பித்தோம்’ என்று மனசு படித்துக்கொள்ளும். இறங்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

பரீட்சைக்கு முந்தின இரவு காபியைக் குறை. சேர்வராயன் மலைக் காப்பிக்கு நாங்களும் விரோதிகள் அல்ல, ஆனால் 3 டம்ளர் ஸ்ட்ராங் காபி உள்ளே போனால் நெஞ்சு அடிக்கத்தான் செய்யும், உன் மனசு அதற்கு வேறு காரணம் கண்டுபிடிக்கும்.

பேரனுக்கு 13 வயது. அவன் அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. யாரிடமும் பேசுவதில்லை, ‘என்ன ஆகப்போகுது’ என்பதே பேச்சு. கர்ச்சீப்பில் பெயின்ட் வாசம். பஞ்சர் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறான். வாயைச் சுற்றிப் புண். அடித்தும் பார்த்துவிட்டோம்.
– ஒரு பாட்டி, குகை

அடியை இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. பஞ்சர் ஒட்டும் பசை, தின்னர், ஒயிட்னர் இவற்றை முகரும் பழக்கம் இது. வாயையும் மூக்கையும் சுற்றித் தோல் சிவந்து புண்ணாவது, துணியில் வாசம், கண் சிவப்பு, சோற்றின் மேல் வெறுப்பு எல்லாம் அதன் அடையாளம். அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை வகை இந்த முகரும் வகைதான்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம். விலை குறைவு, சட்டப்படி விற்கும் சாமான், கடையில் யாரும் கேட்க மாட்டார்கள். பாட்டில் ஒயிட்னரையும் தின்னரையும் சில்லறையில் விற்க 2012இல் மத்திய அரசு தடை போட்டது. பஞ்சர் பசைக்கு அது பொருந்தாது.

முகர்ந்த நிலையில் பார்த்தால் துரத்தாதீர்கள், கத்தாதீர்கள், அடிக்க ஓங்காதீர்கள். இந்த ஆவி இதயத்தை அட்ரினலினுக்குக் கூச வைத்துவிடும். அந்த நேரத்தில் திடீர்ப் பயமோ ஓட்டமோ வந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகலாம். முதல் தடவை முகர்ந்தவனுக்கும் இது நடந்திருக்கிறது. மெதுவாகக் கூப்பிட்டுத் திறந்த காற்றுக்குக் கொண்டு வாருங்கள். பக்கத்தில் அடுப்பு, தீப்பெட்டி வேண்டாம், தீப்பிடிக்கும். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். வாயில் மோர், எலுமிச்சைச் சாறு எதையும் ஊற்றாதீர்கள்.

உள்ளே இருப்பது விரக்தி. இவனுக்குக் குஷி தேவையில்லை, வலி மறந்தால் போதும். பஞ்சர் கடைக்காரரிடம் பசை டப்பாவைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். ஆனால் பையனை விரட்டச் சொல்லாதீர்கள், அவன் மனுசரோடு உட்கார்ந்திருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். கடைக்காரர் நல்ல மனிதர் என்றால் டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி பார்க்கும் வேலையை மட்டும் அவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், பசை பக்கம் வராமல்.

வீட்டில் தினமும் ஒரே நேரத்தில் 20 நிமிடம், யாராவது ஒருவரோடு சேர்ந்து ஒரு வேலை: பூச்செடிக்குத் தண்ணீர், வெங்காயம் உரிப்பது, ரேடியோ கேட்பது. அவன் பேச வேண்டியதில்லை. ‘எல்லாம் போச்சு’ என்று சொன்னால் ‘அப்படிச் சொல்லாதே’ என்று அடக்காமல் ‘எது போச்சு சாமி?’ என்று கேளுங்கள். ‘எல்லாம்’ என்பது ஒன்றிரண்டாகக் குறையும், அம்மாவின் பேச்சும் அப்போதுதான் வரும். அம்மா பேச்சை வீட்டில் எடுக்கவே கூடாது என்று யாராவது தடை போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

‘சாகணும்போல இருக்கா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருந்தால் இறக்கி வைக்க வழி கிடைக்கும். ‘ஆமாம்’ என்றால் அன்றே மருத்துவமனை. அதுவரை தனியாக விட வேண்டாம். பூச்சிமருந்து, எலிமருந்து, உங்கள் சர்க்கரை மாத்திரை உட்பட எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள்.

போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் ஒவ்வொரு வருஷமும் பேரணி, உறுதிமொழி, புற்றுநோய்ப் படங்கள். வேறென்ன செய்யலாம்?
– தலைமை ஆசிரியர், சேலம் மாவட்டம்

பேரணியால் கெடுதல் ஒன்றுமில்லை, சாலையில் வெயில்தான். ஆனால் பயமுறுத்தும் படங்களும் போலீஸ்காரர் வந்து பேசுவதும் மட்டும் பழக்கத்தைக் குறைத்ததில்லை. 1983இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவிய டேர் திட்டம் அப்படிப்பட்டதுதான். அளந்து பார்த்தபோது அதன் பலன் ஏறக்குறையப் பூஜ்யம்.

கான்ராட் குழுவினரின் வழி வேறு. அந்த 23 வாக்கியத் தாளை எல்லோரும் நிரப்புகிறார்கள். ஏதாவது ஒரு குணத்தில் பள்ளியின் சராசரியைவிடக் கணிசமாக மேலே உள்ளவர்கள், பத்தில் நாலைந்து பேர், குணவாரியாகச் சின்னக் குழுக்களில் அழைக்கப்படுகிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் நடத்தும் 90 நிமிடக் கூட்டங்கள் இரண்டு. பேச்சு முழுக்க அந்தக் குணத்தை எப்படிக் கையாள்வது என்பதைப் பற்றி, போதை அதில் ஒரு பகுதி. லண்டன் பள்ளிகளில் 2 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2013இல் வந்தது: கலந்துகொண்டவர்களிடம் குடிப்பழக்கம் குறைந்தது, அழைக்கப்படாத மாணவர்களிடமும் ஓரளவு குறைந்தது. குடிக்கும் கூட்டாளி குறைந்தால் குடிக்க அழைப்பதும் குறையும், அவ்வளவே கணக்கு.

இங்கே செய்யும்போது கெட்டுப்போவது எங்கே என்று சொல்லிவிடுகிறோம். ‘போதை ஆபத்து உள்ள மாணவர் பட்டியல்’ என்று ஒரு தாள் ஆசிரியர் அறையில் கிடந்தால் திட்டம் அன்றே செத்தது. மதிப்பெண் ஆலோசகரைத் தாண்டிப் போகக் கூடாது, பெற்றோர் ஒப்புதல் வேண்டும், அழைப்பில் குணத்தின் பெயர் மட்டும்தான், அதுவும் நல்ல வார்த்தையில். தாளைப் பயிற்சி இல்லாமல் நீங்களே போட்டுத் திருத்தவும் வேண்டாம். அதுவரைக்கும் உங்கள் பள்ளியின் போதை எதிர்ப்பு மன்றத்தில், எப்போதும் கைதூக்கும் நல்ல பிள்ளைகளோடு, கடைசி பெஞ்சில் உட்காரும் நாலு துடுக்குக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடித் திருவிழா வண்டிவேடிக்கைக்கு வேஷம் கட்டும் உற்சாகம் உள்ள பிள்ளைகள் அவர்கள்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸ் கேஸ் ஆகுமா? சேலத்தில் எங்கே போவது?
– பலர்

சிகிச்சைக்கு வந்ததற்காக வழக்கு போடுவதில்லை. பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கே வந்துவிட்டவர்கூடத் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே புறநோயாளிச் சீட்டு எடுத்துவிடுங்கள். அவன் சாப்பிட்ட மாத்திரையின் அட்டை, பொட்டலம், பசை டியூப் எதுவானாலும் கையோடு கொண்டுபோங்கள், பெயர் சொல்வதைவிட அது மேல். மருத்துவர் பையனோடு தனியாகப் பேசக் கேட்டால் வெளியே போய் உட்காருங்கள். ‘18 வயதுக்குக் கீழ், சேர்த்துக்கொள்கிறோம், அடித்துத் திருத்துவோம், 3 மாதம் பார்க்க வரக் கூடாது’ என்று சொல்லும் தனியார் மையம் எதுவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி சிறாரைப் பெரியவர்களோடு ஒரே இடத்தில் தங்கவைக்கக் கூடாது. போதைக்கான தேசிய உதவி எண் 14446. சிறுவர் உதவி எண் 1098.